ஒரே வார்ப்பு

— இன்னொரு தடவை சொல்லுங்க ஹால்வர். ஒண்ணுமே புரியல. வாத்து கத்துற மாதிரி கேக்குது.

— ஹீலியம் காத்தும்மா. இந்த அழுத்தத் தொட்டிக்குள்ள, கடல்ல முக்குளிக்கிற நாங்க மூச்சு விடுறதே அதுலதான். நம்ம ராஜா வந்து உள்ள உக்காந்து பேசினாலும் வாத்துதான். உங்க பக்கத்துல கறுப்பா ஒரு குமிழ் இருக்கும், அதை வலப்பக்கம் திருகுங்க. அதுசரி, பிரெடெ எங்க? எங்களைக் கண்காணிக்கிற வேலை அவனுக்குத்தானே? மைக்ல அவன்தானே இருக்கணும்?

— திருகிட்டேன். பேசிப் பாருங்க.

— கடல்ல மீனும் இல்ல, கப்பல்ல காபியும் நல்லா இல்ல. கேக்குதா?

— இப்ப மனுஷக் குரல். பிரெடெ மேல மேனேஜரோட சண்டை போட்டுட்டு இருக்கார். போறப்ப என்னை இங்க உக்காத்தி வெச்சுட்டுப் போனார். "நீங்களே அவங்ககிட்டச் சொல்லிடுங்க, அவங்களுக்குத் தெரியணும்"னார்.

— என்ன தெரியணும்? மொதல்ல நீங்க யாரு?

— என் பேரு குத்ருன். த்ரொன்ஹெய்ம்ல உலோக ஆய்வுக்கூடத்துல இருக்கேன். இரும்பை உடைச்சுப் பாக்கறது என் வேலை.

— உடைக்கிறதுக்குச் சம்பளமா? என் பொண்டாட்டிக்குச் சொல்றேன், ஓடி வந்து சேந்துடுவா. வீட்ல ஒரு கோப்பை மிச்சமில்ல. சரி, டாக்டரம்மா, நேத்து வெளிய நாலு பேரு, தொட்டிக்குக் குளிர் தாங்கச் சுத்தின போர்வையெல்லாம் உரிச்சுப் போட்டுச் சுரண்டிக்கிட்டு இருந்தாங்களே, அது சம்பந்தமாவா?

— அதேதான். உங்க பெரிய அறையோட முனையில தடியா ஒரு வளையம் இருக்கில்ல, கழுத்துன்னு சொல்றீங்களே?

— என் தலைமாட்டுல இருக்கு. அதுல சாஞ்சுக்கிட்டுத்தான் சீட்டாடுறது.

— அதைத் தொட்டியோட வெல்டிங் பண்ணிப் பத்தவெச்ச இடத்துல ஒரு விரிசல் தெரியுது. என் சுண்டுவிரல் நீளம். ஆழம் எவ்வளவுன்னு சரியாத் தெரியல.

— ம். கசியுதா?

— கசியல. கசிஞ்சாக்கூட நல்லதுன்னு சொல்லுவேன். கசியாம, சொல்லாம, ஒரே அடியா உடையறதுதான் பயம்.

— குரலைத் தாழ்த்துங்க. மேல் கட்டில்ல யூஸ்டைன் தூங்குறான். என்கூட கடல்ல எறங்குறவன். நேத்து ராத்திரி பூரா பொரண்டுக்கிட்டே இருந்தான், இப்பத்தான் கண்ணசந்திருக்கான். ஏன் உடையும்னு நினைக்கிறீங்க? இத்தனை வருஷம் உடையாதது?

— இந்தத் தொட்டியைச் செஞ்சப்ப, பத்தவெச்ச தகட்டுல ஒரு மிச்சத் துண்டை எடுத்து வெச்சிருந்தாங்க. அதை எங்களுக்கு அனுப்பினாங்க. நான் அதைச் சின்னச் சின்னதா வெட்டி, ஒவ்வொண்ணுலயும் ஒரு விரிசலை உண்டாக்கி, இப்ப உங்க தொட்டிக்கு வெளிய அடிக்குதே, அந்தக் குளிருக்குக் கொண்டுபோய் இழுத்து உடைச்சேன்.

— என்னாச்சு?

— பெரும்பாலானது நல்லாவே தாங்கிச்சு. வளைஞ்சுது, இழுபட்டுது, முரண்டு பிடிச்சு அப்புறம்தான் உடைஞ்சுது. ஒண்ணு மட்டும் கண்ணாடி. இழுக்க ஆரம்பிச்ச உடனே டப்புன்னு ரெண்டாச்சு. மத்தது தாங்கினதுல கால் பங்குகூடத் தாங்கல.

— அது மட்டமான இரும்பா இருக்கும்.

— அதே இரும்பு. ஒரே வார்ப்பு, ஒரே தகடு. மத்த துண்டுக்குக் கை அகலம் தள்ளி வெட்டினதுதான்.

— அப்ப உங்க மெஷின் கோளாறு.

— உங்க மேனேஜரும் அப்படித்தான் சொன்னார். அந்த ஒண்ணைத் தூக்கிப் போட்டுட்டு மிச்சத்துக்குச் சராசரி போட்டுக் குடுங்கன்னார். நான் அந்த உடைஞ்ச முகத்தைப் பெருக்கிப் பாத்தேன். சர்க்கரைக் கட்டியை உடைச்ச மாதிரி மினுமினுன்னு இருந்துச்சு. அதுல இருக்கிற வரியெல்லாம் ஒரே புள்ளிக்குப் போய்ச் சேருது. அந்தப் புள்ளியில, கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னதா, கெட்டியான ஒரு துணுக்கு. அங்கேருந்துதான் உடைப்பு கிளம்பியிருக்கு. மெஷின்ல கோளாறு இல்ல. இரும்போட சுபாவமே அப்படி. நல்ல குளிர்ல இரும்போட பலம் இவ்வளவுன்னு ஒரு எண்ணைச் சொல்ல முடியாது. விரிசலோட நுனிக்குப் பக்கத்துல அந்த மாதிரித் துணுக்கு இருக்கா இல்லையாங்கறதுதான் அதோட பலம்.

— லொஃபோதன்ல எங்கப்பன் நீளத் தூண்டில் போடுவான். மைல் கணக்குல கயிறு, வரிசையா முள்ளு. அறுந்தா எங்கயோ ஒரு சாண்லதான் அறும். மிச்சக் கயித்துல திமிங்கிலத்தையே கட்டி இழுக்கலாம். எந்தச் சாண்னு அறுந்துபோறவரைக்கும் அவனுக்கும் தெரியாது.

— அப்படியேதான். நூறு கயிறு குடுத்தா எத்தனை அறும்னு நான் சொல்லிடுவேன். உங்க கையில இருக்கிற கயிறு அறுமான்னு கேட்டா, தெரியாது.

— ஆனா நூறு தொட்டி இல்ல டாக்டரம்மா. ஒரு தொட்டிதான். உள்ள நானும் அவனும்.

— தெரியும். அதனாலதான் போன்ல சொல்லாம கிளம்பி வந்தேன்.

— வந்து? கதவைத் திறந்து விடப் போறீங்களா?

— அது முடியாதுன்னு பிரெடெ சொல்லிட்டார்.

— சரியாச் சொன்னான். நூத்தி இருபது மீட்டர் ஆழத்துல எவ்வளவு அழுத்தமோ அவ்வளவும் இந்தத் தொட்டிக்குள்ள இருக்கு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். படக்குன்னு திறந்தா எங்க ரத்தம் சோடா மாதிரி பொங்கிடும். நாங்க வெளிய வர இன்னும் அஞ்சு நாள். நிலாவுக்குப் போனவன்கூட இதைவிடச் சீக்கிரம் வீடு வந்து சேந்துடுவான். நாங்க இருக்கறது துறைமுகத்துல, ஜன்னல் வழியாப் பாத்தா கிர்க்கெனெஸ் பேக்கரி விளக்குத் தெரியுது.

— இப்ப கழுத்தைச் சூடாக்கிட்டு இருக்கோம். நீங்க கடல்ல இறங்கறப்ப உடுப்புக்குள்ள வெந்நீர் ஓட்டுவாங்களே, அந்தக் குழாயையே வளையத்தைச் சுத்திக் கட்டியிருக்கோம். இரும்பு கை வெச்சா இதமா இருக்கிற சூட்டுல இருந்துட்டா அந்தக் கண்ணாடிக் குணம் போயிடும். அப்புறம் விரிசல் இருந்தாலும் உடனே பிளக்காது.

— அப்படின்னா சனியன் விட்டுதே!

— இங்கயே நின்னா விடும். ஆனா கப்பலைக் கிளப்பணும்கிறாங்க. தெற்கே வேற வேலை காத்திட்டு இருக்காம். வெளிக்கடலுக்குப் போனா, இந்தத் தொட்டி நிக்கிற மேல்தளத்துல காத்து பிச்சு வாங்கும். வெந்நீர் மெஷினும் நம்பற மாதிரி இல்ல, தண்ணி இழுக்கிற குழாய் காலையில ஒரு தடவை உறைஞ்சு போச்சு. பிரெடெ அதுக்குத்தான் சண்டை போடுறார். சராசரி நல்லா இருக்கு, கிளம்புங்கன்னு கம்பெனியில சொல்லிட்டாங்களாம்.

— சராசரி! என் தொப்பையையும் யூஸ்டைன் தொப்பையையும் சேத்துச் சராசரி போட்டா நாங்க ரெண்டு பேரும் அழகனுங்கதான்.

— அண்ணே.

— தூங்குடா.

— எப்பவோ முழிச்சிட்டேன் அண்ணே. அந்தம்மா சொன்னதெல்லாம் கேட்டேன். கழுத்துன்னா, இதோ, உங்க தலைமாட்டுல இருக்கே, இதுதானே?

— இதுதான். தொடாதே.

— தொட்டா என்ன ஆகும்?

— ஒண்ணும் ஆகாது. நீ தொடுறதைப் பாத்தா எனக்கு ஒரு மாதிரியா இருக்கு, அதான்.

— அண்ணே, தரை அதிருது. இஞ்சினைப் போட்டுட்டாங்க.

— டாக்டரம்மா, நிஜமாவா?

— ஆமா. கயித்தை அவிழ்க்கிறாங்க. ஒரு நிமிஷம், பிரெடெ வந்துட்டார். ... என்ன? எப்ப? ... ஹால்வர், யூஸ்டைன், ரெண்டு பேரும் கேளுங்க. வெந்நீர் நின்னு போச்சு. குழாய் மறுபடி உறைஞ்சிடுச்சாம். கழுத்து இப்பவே ஆற ஆரம்பிச்சிடுச்சு.

— அட சாத்தானே! போர்வையைத் திரும்பப் போத்தச் சொல்லுங்க.

— போத்துறாங்க. அது குளிரைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். இன்னொரு வழி இருக்கு. உங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன அறை இருக்கில்ல?

— கக்கூஸா?

— கக்கூஸும் குளிக்கிற இடமும். நடுவுல இரும்புக் கதவு இருக்கு. நீங்க ரெண்டு பேரும் அதுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா, பெரிய அறையில இருக்கிற அழுத்தத்தை மொத்தமா வெளிய விட்டுடலாம். அப்புறம் கழுத்தை உள்ளேயிருந்து தள்ள எதுவுமே இல்ல. விரிசல் பாட்டுக்குக் கிடக்கும்.

— அங்க விரிசல் இல்லையா?

— நேத்துப் பாத்தவரைக்கும் இல்ல. பத்தவெச்ச நீளமும் அங்க ரொம்பக் குறைச்சல். நீளம் குறைஞ்சா கெட்ட துணுக்கு மாட்டுற வாய்ப்பும் குறையும். உங்கப்பா கயிறு மாதிரிதான்.

— பாத்தவரைக்கும்.

— பாத்தவரைக்கும்தான் சொல்ல முடியும். அதுக்கு மேல சொன்னா பொய்.

— நான் வரல அண்ணே.

— என்னடா வரல?

— அங்க காலை நீட்ட முடியாது. கூரை மூக்குல இடிக்கும். ஒருத்தர் கக்கூஸ் மூடி மேல உக்காந்தாத்தான் இன்னொருத்தர் தரையில சுருண்டு படுக்க முடியும். அஞ்சு நாள்! நான் இங்கயே இருக்கேன். நீங்க போங்க.

— நீ இங்க இருந்தா இந்த அறைக் காத்தை எப்படிடா வெளிய விடுறது?

— விட வேண்டாம். பெரும்பாலான துண்டு தாங்கிச்சுன்னு அந்தம்மாவே சொன்னாங்களே. நம்ம கழுத்தும் அந்தப் பெரும்பாலானதுல ஒண்ணா இருந்துட்டுப் போகட்டும்.

— சீட்டாட்டம்னு நினைச்சியா?

— அங்க போனாலும் சீட்டாட்டம்தானே? "பாத்தவரைக்கும்"னுதானே அவங்களும் சொல்றாங்க.

— யூஸ்டைன், நான் குத்ருன் பேசறேன். நீங்க சொல்றதுல தப்பில்ல. ரெண்டு பக்கமும் வாய்ப்புதான். ஆனா ஒரு பக்கம் விரிசல் இருக்குன்னு எனக்குத் தெரியும். இன்னொரு பக்கம் இருக்கிறதாத் தெரியல. நான் உங்க இடத்துல இருந்தா சின்ன அறைக்குத்தான் போவேன்.

— நீங்க என் இடத்துல இல்லையேம்மா.

— இல்ல. அது வாஸ்தவம்.

— டேய், இங்க பாரு. என் மூஞ்சியைப் பாரு. உனக்கு என்ன, இடுக்குன்னா பயமா?

— ஆமாண்ணே.

— கடல் அடியில வேலை செய்யறவனுக்கா? அப்ப தினம் அந்தக் கூண்டுக்குள்ள உக்காந்து எப்படிடா கீழ எறங்குறே?

— கண்ணை மூடிக்கிட்டு. போன வருஷம் கூண்டோட கேபிள் சிக்கி, நானும் இன்னொருத்தனும் நடுக்கடல்ல தொங்கிக்கிட்டுக் கிடந்தோமே. வெளிய வந்தப்ப எல்லாரும் கைதட்டினாங்க, நானும் சிரிச்சேன். அன்னியிலேருந்து நான் லிஃப்ட்ல ஏறினதில்ல அண்ணே. வீட்ல கக்கூஸ் போனாக் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தான் போறேன். என் பொண்டாட்டி பெர்கிட் கேட்டா, குழந்தை கூப்பிட்டாக் கேக்கணும்ல, அதான்னு சொல்லிடுவேன்.

— எங்கிட்டக்கூடச் சொல்லலியேடா.

— சொன்னா நீங்க சிரிப்பீங்க.

— ஆமா, சிரிச்சிருப்பேன். ஊரு பூராச் சொல்லியும் இருப்பேன். இப்ப சிரிக்கல, பாத்தியா?

— அண்ணே, தயவு செஞ்சு நீங்க மட்டும் போங்க.

— நான் மட்டும் எங்கடா போறது? நீ வரலைன்னா நானும் இல்ல. இதோ உக்காந்துட்டேன், கழுத்துல சாஞ்சுக்கிட்டு. சீட்டைக் கலை.

— அண்ணே, விளையாடாதீங்க. அங்கேருந்து எழுந்திருங்க.

— கலைடா. குளிர் வர்றவரைக்கும் ஒரு ஆட்டம்.

— எழுந்திருங்கன்னா! உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க வீட்டுக்காரி தூரித் அக்கா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?

— உனக்கும் சேத்துத்தான் ஆகும், முழிக்கிற வேலையே இருக்காது. கவலைப்படாதே.

— ஹால்வர், யூஸ்டைன், நேரம் போயிட்டு இருக்கு. துறைமுகத்தைத் தாண்டிட்டோம்.

— சரி. சரி அண்ணே. வரேன். ஆனா விளக்கை அணைக்கக் கூடாது.

— அணைக்க மாட்டேன். பிரெடெகிட்டச் சொல்லுங்க டாக்டரம்மா, நாங்க போறோம். சாப்பாடு குடுக்கிற துவாரம் இந்த அறையிலதான் இருக்கு, உள்ள போயிட்டா எதுவும் வாங்க முடியாது. டேய், ரொட்டி அத்தனையும் எடு. பழுப்புச் சீஸ், மீன் உருண்டை டப்பா, தண்ணி. மெத்தை ஒண்ணு போதும். சீட்டுக்கட்டை எடுக்காதே, நீ தோத்தா அழுவே.

— மூச்சுக் காத்தைச் சுத்தம் பண்ற டப்பாக்களை மறக்க வேண்டாம்னு பிரெடெ சொல்றார்.

— எடுத்தாச்சு. குனிஞ்சு வாடா. தலை, தலை! ம். கதவைத் தள்ளு. அழுத்திப் பிடி.

*

— சீறுது அண்ணே. அந்தப் பக்கம் சீறுது.

— பெரிய அறைக் காத்து வெளிய போகுது. நல்ல சத்தம். அது போகட்டும், நீ காலைக் கொஞ்சம் மடக்கு, என் வயித்துல இருக்கு.

— மூச்சு முட்டுது.

— முட்டல. அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. முட்டுற மாதிரி இருக்கு, அவ்வளவுதான்.

— கதவைத் திறங்க அண்ணே. கொஞ்ச நேரம். கொஞ்ச நேரம் மட்டும்.

— இனி திறக்க முடியாதுடா. அந்தப் பக்கம் அழுத்தம் போயிடுச்சு. பத்து பேரு சேந்து இழுத்தாலும் வராது.

— திறங்க! எனக்குத் தெரியாது, திறங்க!

— அடேய், கையை எடு! டாக்டரம்மா, ஏதாவது பேசுங்க. என் பேச்சைக் கேட்டுக் கேட்டு இவனுக்கு அலுத்துப்போச்சு.

— யூஸ்டைன். யூஸ்டைன், நான் இங்கதான் இருக்கேன். என்ன பேசட்டும்?

— எதாவது. எதாவது வெட்டவெளியைப் பத்திப் பேசுங்கம்மா.

— நான் பொறந்தது கௌதொகெய்னோ பக்கம். மேட்டு நிலம். எங்க வீட்டு வாசல்ல நின்னா பாக்கறதுக்கு ஒண்ணுமே கிடையாது. ஒரு மரம் கிடையாது. பனி, அதுக்கு மேல வானம், அவ்வளவுதான். ஏப்ரல் மாசம் எங்க மாமா வளக்கிற பனிமான்களை ஓட்டிக்கிட்டுக் கடற்கரைக்குக் கிளம்புவார். முன்னால போற மானோட கழுத்து மணி கேக்கும். மான் கண்ணுக்கு மறைஞ்ச பிறகும் ரொம்ப நேரம் மணி மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கும். தடுக்கிறதுக்கு எதுவும் இல்ல பாருங்க. கேக்கறீங்களா?

— கேக்கறேன்.

— சின்னப் பிள்ளையில எனக்கு அந்த வெளியைக் கண்டாத்தான் பயம். பிடிச்சுக்க ஒண்ணும் இல்லையேன்னு. மாமா, மான் இழுக்கிற ஸ்லெட்ஜ் வண்டியில என்னை மான் தோலுக்குள்ள சுத்திக் கட்டிப் படுக்க வைப்பார். மூக்கு மட்டும்தான் வெளிய தெரியும். கை காலை அசைக்க முடியாது. அப்பத்தான் எனக்குத் தூக்கமே வரும்.

— ஏன்?

— இறுக்கமா இருந்தாப் பத்திரம்னு தோணும்.

— பத்திரம்னா... இந்த அறை பத்திரம்தானேம்மா?

— பெரிய அறையைவிட வாய்ப்பு ரொம்பவே...

— வாய்ப்பெல்லாம் வேண்டாம்மா. வாய்ப்புன்னு சொல்லாதீங்க. எனக்கு நெஞ்சு வெடிச்சிடும் போல இருக்கு. பத்திரமா இல்லையா, ஒரே வார்த்தை.

— நான் என்ன சொல்றேன்னா...

— டாக்டரம்மா, புள்ளை கேக்கறான்ல?

— பத்திரம், யூஸ்டைன். சின்ன அறை பத்திரம்.

— சத்தியமா?

— சத்தியமா. நான் சொல்றேன். அங்க உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.

— சரி. சரிம்மா. அந்த மணியைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்க.

*

— உள்ள வாங்க, உள்ள வாங்க. காலணியை அங்கயே விடுங்க. தூரித் கடைக்குப் போயிருக்கா. நல்லவேளை, இல்லேன்னா உங்களைக் கட்டிப்பிடிச்சே மூச்சு முட்ட வெச்சிருப்பா. வாசனை அடிக்குதா? வெளிய கம்பத்துல காயிற மீனு. எங்களுக்குப் பழகிப் போச்சு.

— வீடு அழகா இருக்கு ஹால்வர். எல்லா ஜன்னலும் கடலைப் பாத்து.

— நல்லாப் பாக்கட்டும். இனி இப்படிப் பாக்கறதோட சரி. காது போச்சு, இடுப்பெலும்பு போச்சு, இனிமே கடல்ல எறங்கவே கூடாதுன்னு டாக்டர் சீட்டைக் கிழிச்சுட்டார். இதோ வாஃபிள், சூடா இருக்கு, இந்த ஜாம் நாங்களே போட்டது. சாப்பிடுங்க. அன்னிக்கு நீங்க பேச ஆரம்பிச்ச பிறகுதான் யூஸ்டைன் என் சட்டையை விட்டான். அஞ்சு நாளும் பேசினீங்க. குரல் கட்டிப் போயும் விடல. கடைசியிலே பிரெடெ கதவைத் திறந்தப்ப, அவன் என்ன பண்ணான் தெரியுமா? மேல்தளத்துல பனியில மல்லாக்க விழுந்து கையை விரிச்சுக்கிட்டான். தூக்கவே முடியல.

— பாத்தேன். நான் அங்கதானே நின்னேன்.

— ஏன் சாப்பிட மாட்டேங்கறீங்க? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?

— அந்தத் தொட்டியை வெட்டி எங்ககிட்ட அனுப்பிட்டாங்க ஹால்வர். முழுக்கச் சோதிச்சுப் பாத்துட்டோம்.

— கழுத்து என்ன சொல்லுது?

— கழுத்து நல்ல இரும்பு. விரிசல் நான் நினைச்சதைவிட ஆழமில்ல. அதைச் சுத்தி வெட்டின துண்டு ஒவ்வொண்ணும் அந்தக் குளிர்ல தாங்கிச்சு. நீங்க பெரிய அறையிலயே சீட்டாடிட்டு இருந்திருக்கலாம்.

— ஹா! யூஸ்டைன் சொன்னதுதான் சரியா? அவன்கிட்டச் சொல்லவே கூடாது, தலையில ஏறி உக்காந்துக்குவான். சரி, அதுக்கா இவ்வளவு வாட்டம்? உங்களுக்கு முன்கூட்டி எப்படித் தெரியும்? யாருக்கும் தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.

— சின்ன அறையையும் வெட்டினேன்.

— ம்.

— குளிச்சுட்டு ஈரத் துணி காயப்போடுற கம்பியைச் சுவத்துல பத்தவெச்சிருந்தாங்களே, அதுக்குப் பின்னால ஒரு விரிசல் இருந்துச்சு. அந்தக் கம்பி மறைச்சதால அன்னிக்குக் கருவி வெச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியல. அங்க வெட்டின துண்டெல்லாம் கண்ணாடி. ஒண்ணு விடாம. ஒரு துண்டு நான் இழுக்கிறதுக்கு முன்னாலயே, மாட்டுறப்பவே உடைஞ்சுது.

— நான் அந்தக் கம்பியில தலையை வெச்சுத்தான் தூங்கினேன்.

— தெரியும்.

— அப்ப ஏன் அது உடையல?

— உங்க ரெண்டு பேரு உடம்புச் சூடா இருக்கலாம். அந்தப் பக்கம் காத்து படாம இருந்திருக்கலாம். விரிசலோட நுனி, கெட்ட துணுக்குக்கு ஒரு மயிரிழை இந்தப் பக்கம் நின்னுருக்கலாம். எனக்குத் தெரியல. கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்துட்டேன். என் கணக்கு தப்பே இல்ல. அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சதை வெச்சுப் பாத்தா, இன்னிக்குக் கேட்டாலும் அதே அறைக்குத்தான் போகச் சொல்வேன். அதுதான் என்னை உறுத்துது.

— போகட்டும் விடுங்க. உசுரோட இருக்கோம். அந்தத் தொட்டி வெட்டுப்பட்டுப் போச்சு. இனிமே அதுக்குள்ள எவன் போகப் போறான்? அந்த ஜாமைத் தொட்டுக்கங்க.

— அதைக் கேக்கத்தான் நான் வந்தேன். அதே பட்டறையில, அதே வார்ப்புத் தகட்டுல, அதே சமயத்துல இன்னொரு தொட்டியும் செஞ்சிருக்காங்க. சின்ன அறைகூட ஒரே மாதிரி. அது எந்தக் கப்பல்ல இருக்குன்னு கம்பெனியில யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம்னு நினைச்சேன். ... ஹால்வர்? ஏன் எழுந்துட்டீங்க?

— போன் எங்க வெச்சேன்... தூரித் இதை எங்க கொண்டுபோய் வைக்கிறாளோ!

— ஹால்வர், என்னாச்சு?

— யூஸ்டைன் இருக்கான் அதுல. அச்சு அசல் நம்ம பழைய தொட்டியேதான் அண்ணேன்னு போன்ல சொன்னான். போன வாரம்தான் எறங்கினான். போக மாட்டேன்னு அழுதவனை நான்தான் பேசிப் பேசி அனுப்பி வெச்சேன். மத்தவங்க எல்லாம் பெரிய அறையில கட்டில்ல படுத்துக்கிட்டு அவனைக் கேலி பண்றாங்களாம். நீங்க சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கீங்கன்னு சொல்லிட்டு, இவன் மட்டும் ராத்திரி ஆனா மெத்தையை இழுத்துட்டுப் போய் சின்ன அறையிலதான் படுத்துக்கறானாம்.